பத்து நாளில் மூன்று நாடு வேண்டாம்: மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா போதும்

கேள்வி இது: செப்டம்பரில் பத்து நாள் விடுமுறை. கணவன், மனைவி, 12 வயது மகள், அறுபதைத் தாண்டிய அம்மா, அப்பா என ஐந்து பேர். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றையும் ரயிலிலேயே பார்த்துவிட முடியுமா? அம்மா சுத்த சைவம். யாருக்கும் ஜெர்மன் மொழி தெரியாது.

முடியும். ஆனால் அந்தப் பத்து நாளில் மூன்று, நான்கு நாள் ரயிலிலும் ஹோட்டல் வரவேற்பறையிலுமே கழிந்துவிடும். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மாலை 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் ஒரு பகல் போய்விடும். சுவிட்சர்லாந்தில் நாணயமும் வேறு, செலவும் வேறு. அங்கே மலை ரயில்களுக்கே தனியாக ஒரு பட்ஜெட் வேண்டும். அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: மியூனிக்கில் 4 இரவு, சால்ஸ்பர்க்கில் 3 இரவு, வியன்னாவில் 3 இரவு. மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக வருகின்றன. மியூனிக்கில் இறங்கி வியன்னாவில் விமானம் ஏறுங்கள். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. வளைகுடா வழியாகப் பறக்கும் பெரிய நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் போகின்றன. இப்படி ஊர் மாற்றி வாங்கும் டிக்கெட் பெரும்பாலும் அதிக விலை வராது. இரண்டு ஒருவழி டிக்கெட்டாக வாங்காமல் ஒரே பதிவில் போடுங்கள்.

இந்தப் பாதைக்கு இன்னொரு நன்மை, ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களை ஏறக்குறைய தொடாமலேயே பயணம் முடிந்துவிடும். ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்ற பேச்சு பழைய கதை. 2024-இல் அந்நாட்டின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. ஆஸ்திரிய ரயில்கள் இதைவிட நம்பகமானவை.

தேதியைப் பொறுத்தவரை, செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள் மியூனிக்கை முடித்துவிடுங்கள். மியூனிக்கின் பீர் திருவிழாவுக்கு அக்டோபர்ஃபெஸ்ட் என்று பெயர் இருந்தாலும் அது செப்டம்பர் 15-க்குப் பின் வரும் சனிக்கிழமையே தொடங்கி, வழக்கமாக அக்டோபர் முதல் ஞாயிறு வரை நடக்கும். அந்த நாட்களில் மியூனிக் ஹோட்டல் வாடகை இரண்டு, மூன்று மடங்காகும். சால்ஸ்பர்க்கின் இசை விழா ஆகஸ்ட் கடைசியில் முடிந்துவிடுவதால் செப்டம்பரில் அங்கே அறை கிடைப்பது எளிது.

விசாவில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. முதலில் இறங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஷெங்கன் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒரே விசா என்ற ஏற்பாடு) விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன திட்டத்தில் ஜெர்மனியில் 4 இரவு, ஆஸ்திரியாவில் 6 இரவு. ஆகவே மியூனிக்கில் இறங்கினாலும் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் இரண்டுக்கும் இதே விதிதான். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை பாதி; உங்கள் மகளுக்கு 12 ஆகிவிட்டதால் முழுக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி; சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை நீட்டுவார்கள். எனவே ஜூன் மாதத்திலேயே நேர்காணல் தேதியைப் பிடித்துவிடுங்கள்.

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில், முதல் முறை வருபவர்களின் முகத்தைப் படமெடுத்துப் பதிவு செய்கிறார்கள். வரிசை நகர நேரமாகும். விமானம் இறங்கி மூன்று மணி நேரத்துக்குள் கிளம்பும் ரயிலில் இருக்கை எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி மட்டுமல்ல, பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. நெய், பன்னீர், பால்கோவா எதுவும் ஆகாது. கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சை இலைகளைப் பறிமுதல் செய்வார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு பிரச்சினையில்லை. நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முள் சார்ஜர் போதும்.

மாத்திரைகளை மறக்காதீர்கள். பாராசிட்டமால்கூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, "அபொட்டேக்கெ" என்ற மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். முறைவைத்துத் திறக்கும் ஒரு கடையைத் தேடிப் போக வேண்டும். அம்மா, அப்பாவின் வழக்கமான மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அவசரத்துக்கு இரு நாடுகளிலும் 112.

இனி ரயில். பலகைகளில் மியூனிக் என்று இருக்காது, "மூன்ஷென்" என்றே இருக்கும். வியன்னா என்பது "வீன்". மத்திய நிலையத்தின் பெயர் "ஹவுப்ட்பான்ஹோஃப்", சுருக்கமாக எழுதியிருப்பார்கள். ரயில்கள் இரண்டு வகை என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஸ், ஆர்பி, ஆர்இ என்று தொடங்குபவை வட்டார ரயில்கள். ஐசிஇ, ஐசி, இசி, ஆர்ஜே என்று தொடங்குபவை நெடுந்தூர ரயில்கள். மலிவான நாள், மாதச் சீட்டுகள் எல்லாம் முதல் வகைக்கே.

உங்கள் ஐந்து பேருக்கென்றே செய்தது போல ஒன்று இருக்கிறது: பயர்ன் டிக்கெட். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை, ஒரு நாள் முழுக்க, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் எல்லா வட்டார ரயில்களிலும், நகர ரயில், டிராம், பஸ் ஆகியவற்றிலும் போகலாம். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே. முடிவு மறுநாள் அதிகாலை 3 மணி. டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை 8.50 ரயிலில் இதை வைத்துக்கொண்டு ஏறினால், நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. அபராதம் 60 யூரோ, அதுவும் ஆளுக்கு.

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025-இல் 58, 2026-இல் 63 யூரோ ஆனது. நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும். ஆனால் அது ஆளுக்கு ஒன்று, நாட்காட்டி மாதக் கணக்கு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். நான்கு நாள் ஜெர்மனிக்கு ஐந்து சீட்டு வாங்குவது வீண்.

மியூனிக் விமான நிலையத்திலிருந்து எஸ்1, எஸ்8 இரண்டும் முக்கால் மணி நேரத்துக்குள் ஊருக்குள் கொண்டுவிடும். ஐந்து பேர் வரை செல்லும் குழு நாள் டிக்கெட்டை இயந்திரத்தில் வாங்கலாம். காகித டிக்கெட் வாங்கினால், நடைமேடைக்கு முன் நிற்கும் சிறு பெட்டியில் முத்திரை குத்த வேண்டுமா என்று டிக்கெட்டிலேயே பாருங்கள். குத்தாத டிக்கெட்டை டிக்கெட்டாகவே கருதமாட்டார்கள். "தெரியாது" என்ற பதில் பரிசோதகரிடம் எடுபடாது.

வழியில் பிரியும் ரயில்களும் உண்டு. ஊரிலிருந்து விமான நிலையம் போகும் எஸ்1, நொய்ஃபார்ன் நிலையத்தில் இரண்டாகும். பின் பகுதி விமான நிலையத்துக்கு, முன் பகுதி ஃப்ரைசிங் என்ற வேறு ஊருக்கு. சரியான ரயிலில் ஏறி, தவறான பெட்டியில் உட்கார்ந்து விமானத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம். டெகர்ன்ஸே ஏரிக்குப் போகும் ரயிலும் இப்படித்தான் பிரியும். பெட்டியின் வெளிப்புறப் பலகையில் கடைசி ஊரின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். அறிவிப்பை நம்பியிருக்க வேண்டாம்.

மியூனிக்கின் நான்கு இரவில் ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு, ஒரு நாள் மலைக்கு.

கோட்டைக்கான கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருக்கும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் உங்கள் குழு போய்விடும், பணம் திரும்பாது. மியூனிக்கிலிருந்து ஃப்யூசென் ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம், அடிவாரத்திலிருந்து மேலே நடக்க 30 முதல் 40 நிமிடம். பயர்ன் டிக்கெட்டோடு வார நாளில் 9 மணிக்குப் பிறகு கிளம்பினால், பிற்பகல் 2 மணிக்கு முந்தைய நேரத்தை வாங்காதீர்கள். ஆன்லைனில் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். குதிரை வண்டி கோட்டை வாசல் வரை போகாது. இறங்கிய பின்னும் ஏற்றத்தில் பத்து, பதினைந்து நிமிட நடை. பஸ் மரியென்புரூக்கெ பாலத்தருகே விடும், அங்கிருந்து இறக்கம். மூட்டு வலிக்காரர்களுக்கு பஸ்தான் சரி. உள்ளே 165 படி ஏற்றம், 181 படி இறக்கம் என்பதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சுற்றிக் காட்டுவது அரை மணி நேரம்தான். படம் எடுக்கக் கூடாது, பெரிய முதுகுப்பையும் கூடாது.

இடைக்காலக் கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டாம் லூட்விக் மன்னர் 1869-இல் கட்டத் தொடங்கி, 1886-இல் அவர் இறந்தபோதும் முடியாமல் நின்ற கனவு வீடு அது. நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைவிட ஏறத்தாழ இருபது ஆண்டுகளே மூத்தது. 2025-இல்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மலை என்றால் 2,962 மீட்டர் உயர ட்சுக்ஷ்பிட்செ, ஜெர்மனியின் உச்சி. டிக்கெட் விலை அதிகம். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பணமும் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான். எனவே தேதியை முன்பே கட்டிப்போடாமல், அன்று காலை உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே செப்டம்பரிலும் ஸ்வெட்டர் வேண்டும். அன்று மேகம் என்றால் ஊருக்குள் அருங்காட்சியகம்; ஞாயிற்றுக்கிழமைகளில் பினகோத்தேக் ஓவியக் கூடங்களில் நுழைவு 1 யூரோதான்.

ஞாயிறு என்றதும் சொல்ல வேண்டியது: அன்று இரு நாடுகளிலும் கடைகள் மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, எல்லாமே. பவேரியாவில் மற்ற நாட்களிலும் இரவு 8 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் விதிவிலக்கு. சனிக்கிழமை மாலையே பால், ரொட்டி, பழம் வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டில், கேன் வாங்கும்போது ஜெர்மனியில் 25 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள். ஆஸ்திரியாவிலும் 2025 ஜனவரி முதல் அப்படியே. காலி பாட்டிலை நசுக்காமல் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும். கல்லாவில் காட்டிப் பணம் பெறலாம். ஒரு நாட்டு பாட்டிலை மறுநாட்டு இயந்திரம் ஏற்காது. உண்மையில் பாட்டில் தண்ணீரே தேவையில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். வியன்னாவுக்கு 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்தான் வருகிறது.

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வட்டார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். அதே பாதையில் ஒன்றரை மணி நேரத்தில் போகும் சிவப்பு நிற ரயில்ஜெட்டில் (ஆர்ஜே) பயர்ன் டிக்கெட் செல்லாது. அவசரத்தில் அதில் ஏறிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்பது ஏட்டளவில்தான். சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனிக்குள் வரும் ரயில்களில் 2015 முதலே போலீஸ் சோதனை நடக்கிறது. சால்ஸ்பர்க்கில் தங்கியபடி ஜெர்மனிப் பக்கம் ஒரு நாள் போய்வருபவர்கள் பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு நாள் பயணத்தைத்தான் நான் முதலில் சொல்வேன்: க்யோனிக்ஸ்ஸே ஏரி. சால்ஸ்பர்க்கிலிருந்து 840-ஆம் எண் பஸ்ஸில் பெர்ஷ்டெஸ்காடென், அங்கிருந்து 841-இல் ஏரிக்கரை. 1909 முதல் அங்கே மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. அதனால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. நடு ஏரியில் படகை நிறுத்தி ஒருவர் எக்காளம் ஊதுவார், பாறைச்சுவர் திருப்பி ஊதும். சங்த் பார்த்தொலொமே தேவாலயம் வரை 35 நிமிடம். கடைசிப் படகின் நேரத்தைக் கரையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்துப் பாறைகள் என்பதால் கரையோரமாக நடந்து திரும்பப் பாதை கிடையாது.

எல்லாரும் ஹால்ஷ்டாட் என்பார்கள். படத்தில் பார்ப்பது போலவே அழகுதான். ஆனால் சால்ஸ்பர்க்கிலிருந்து பஸ், ரயில், படகு என்று மாறிமாறி ஒரு பக்கமே சுமார் இரண்டரை மணி நேரம்; போய்ச் சேர்ந்தால் ஒரே தெருவில் சுற்றுலாக் கூட்டத்தோடு நெருக்கியடித்து நடக்க வேண்டும். வயதானவர்களோடு போக நான் சொல்லமாட்டேன். ஏரியும் மலையும்தான் வேண்டுமென்றால் 150-ஆம் எண் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் சங்த் கில்கென். மொசார்ட்டின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்து படகில் போனால் 1893 முதல் மலையேறும் ஷாஃப்பெர்க் பல்சக்கர ரயிலும் கிடைக்கும்.

சால்ஸ்பர்க்கில் அறை எடுத்ததும் விருந்தினர் போக்குவரத்துச் சீட்டு கேளுங்கள். 2025 மே முதல் அந்த மாநிலத்தில் தங்குபவர்களுக்கு உள்ளூர் பஸ்ஸும் ரயிலும் அதில் அடக்கம். தங்கும் வரியில் ஏற்கெனவே கொடுத்த பணம்தான். ஃப்யூசென் ஊரிலும் தங்குபவர்களுக்கு இதுபோல ஓர் அட்டை உண்டு.

இப்போது அம்மாவின் சாப்பாடு. "வெகெட்டாரிஷ்" (சைவம்) என்றால் முட்டை உண்டு. கேஸ்ஷ்பெட்ஸ்லெ, க்னோடெல், கைஸர்ஷ்மார்ன் என்று சைவப் பட்டியலில் வருபவை எல்லாமே முட்டை சேர்ந்தவை. ஆகவே "வெகான்" (முட்டை, பால்கூட இல்லாதது) என்று கேட்டுவிட்டு, பாலும் சீஸும் ஆகும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதுதான் நம் சுத்த சைவத்துக்கு அருகில் வரும். இறைச்சி பெயரில் தெரியாத இடங்கள் சில: பருப்பு சூப்பிலும் வறுத்த உருளைக்கிழங்கிலும் "ஷ்பெக்" என்ற பன்றித் துண்டுகள், உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சிச் சாறு, சில தயிர் டப்பாக்களில் ஜெலட்டின். சில அடுமனைகள் ப்ரெட்செல் என்ற ரொட்டியில்கூட பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: வீனர் ஷ்னிட்செல் (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு) என்றால் கன்று, "வீனர் ஆர்ட்" என்று போட்டிருந்தால் பொதுவாகப் பன்றி. வெள்ளைத் தொத்திறைச்சியிலும் கன்று உண்டு. அம்மாவுக்கு நம்பகமானவை துருக்கிக் கடைகளின் ஃபலாஃபெல், இத்தாலியக் கடைகளின் மார்கரீட்டா பீட்சா, வேகவைத்த முழு உருளைக்கிழங்கு. ஐந்து பேர் என்பதால் ஒரே ஹோட்டல் அறை கிடைப்பது கடினம். சமையலறையோடு வாடகை வீடு எடுத்தால் வீட்டுச் சோறு, கடைத் தயிர், ஊறுகாய் என்று இரவுக் கவலை ஓய்ந்தது.

மியூனிக்கில் இன்னொரு வசதி. பாரம்பரிய பீர் தோட்டங்களில் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். பழைய வழக்கம், மாநில விதியிலும் இருக்கிறது. மேசை விரிப்பு இல்லாத பெஞ்சில் உட்கார வேண்டும், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். ஆப்பிள் சாறு வாங்கிக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உணவகங்களில் "ஷ்டாம்டிஷ்" என்ற பலகை வைத்த மேசை வாடிக்கைக்காரர்களுக்கு, அதில் உட்காராதீர்கள். பல சிற்றூர் உணவகங்களில் பிற்பகல் 2 முதல் 5 வரை அடுப்பு அணைந்திருக்கும். 47 யூரோ பில்லுக்கு "50" என்று சொல்லிக் கொடுத்தால் டிப்ஸ் முடிந்தது.

ரொக்கம் நூறு யூரோவாவது கையில் இருக்கட்டும். நிலையக் கழிப்பறைக்கு அரை யூரோ, ஒரு யூரோ நாணயம் வேண்டும். ஏடிஎம் "ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அந்த இயந்திரத்தின் மாற்று விகிதத்தில் கணிசமாக இழப்பீர்கள்.

சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு இரண்டரை மணி நேரம். இந்த டிக்கெட்டைச் சில வாரங்கள் முன்பே சலுகை விலையில் வாங்குங்கள். இருக்கை முன்பதிவு டிக்கெட்டில் சேராது. தனியே சில யூரோ. ஐந்து பேர் சேர்ந்து உட்கார அது அவசியம். வியன்னாவில் மத்திய நிலையமும் மேற்கு நிலையமும் வேறு வேறு. எதில் நிற்கும் ரயில் என்று பார்த்துவிட்டு வீடு எடுங்கள். ஷோன்ப்ரூன் அரண்மனையின் 1,441 அறைகளில் நாற்பதைத்தான் காட்டுவார்கள், அதற்கும் நேரம் குறித்த டிக்கெட். தோட்டம் இலவசம், அதையே இரண்டு மணி நேரம் பார்க்கலாம்.

திரும்பும் நாளில் மத்திய நிலையத்திலிருந்தே விரைவு ரயில் கால் மணி நேரத்தில் விமான நிலையம் சேர்க்கும். வரி திரும்பப் பெறும் பொருள்கள் இருந்தால் (ஒரே கடையில் ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், ஆஸ்திரியாவில் 75 யூரோவுக்கு மேல் வாங்கியவை) பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு கேட்டால் ரசீது வெறும் காகிதம்தான். ஜெர்மனியில் வாங்கியதற்கும் முத்திரை வியன்னாவில்தான், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடம் அது.